சொடுக்கினாலும் திறக்காத மின்னஞ்சல் சுட்டிகள்

மின்னஞ்சலில் வந்த சுட்டி (லிங்க்) திறக்கவில்லை என்று உறவினரோ நண்பரோ அழைத்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: திறக்காமல் என்ன ஆகிறது? பெரும்பாலும் வரும் பதில், "ஒண்ணுமே ஆகல" என்பதே. அருகில் உட்கார்ந்து பார்த்தால் அந்த 'ஒண்ணுமே'யில் பல வகைகள் இருப்பது தெரியும். ஒருவருக்கு உண்மையிலேயே திரையில் எந்த அசைவும் இருக்காது. இன்னொருவருக்குச் சிறிய அறிவிப்புப் பெட்டி ஒன்று தோன்றியிருக்கும்; அதைப் படிக்காமலேயே கைப்பழக்கத்தில் மூடியிருப்பார். ("பெட்டில என்ன எழுதியிருந்தது சித்தப்பா?" "ஏதோ இங்கிலீஷ்ல இருந்ததுப்பா, மூடிட்டேன்.") மூன்றாமவருக்கு உலாவி திறந்து, பக்கம் மட்டும் வெறுமையாக நிற்கும். நான்காமவருக்குப் பக்கமும் திறந்து, இந்தச் சுட்டி காலாவதியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும். நால்வரும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான்கும் வெவ்வேறு பழுதுகள், ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்கு உதவாது.

இதைப் புரிந்துகொள்ள, சொடுக்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்கள் சுட்டியில் உள்ள இணையப் பக்கத்தைத் தாமே திறப்பதில்லை. அவை முகவரியை மட்டும் எடுத்து இயங்குதளத்திடம் கொடுத்துவிடுகின்றன. எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கும் முகவரிகளைக் கையாள எந்த மென்பொருள் பதிவாகியிருக்கிறது என்று இயங்குதளம் தன் பதிவேட்டில் தேடி, அந்த உலாவியை அந்த முகவரியோடு இயக்குகிறது. அதன் பிறகுதான் உலாவி தன் வேலையைத் தொடங்கி, தளத்தின் பெயரைக் கண்டறிந்து, பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்த்துப் பக்கத்தைக் கொண்டுவருகிறது. தாலுகா அலுவலகத்தில் கொடுத்த மனு மேசை மாறிப் போவதைப் போன்றதுதான் இது. எந்த மேசையில் நின்றிருக்கிறது என்று தெரியாமல் வாசலில் இருப்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க விண்டோஸில் மிக எளிய சோதனை ஒன்று உண்டு. விசைப்பலகையில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் 'ரன்' என்ற சிறு பெட்டி வரும். அதில் நன்கு தெரிந்த ஒரு தளத்தின் முகவரியைத் தொடக்கத்திலிருந்து முழுமையாகத் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். மின்னஞ்சல் மென்பொருள் செய்யும் அதே வேலையை, அதாவது முகவரியை இயங்குதளத்திடம் ஒப்படைப்பதை, இப்போது நீங்கள் நேரடியாகச் செய்கிறீர்கள். உலாவி திறந்து பக்கமும் வந்துவிட்டால், இயங்குதளத்திலும் உலாவியிலும் குறை இல்லை. மின்னஞ்சல் மென்பொருளிலோ அந்தக் குறிப்பிட்ட சுட்டியிலோதான் கோளாறு. 'ரன்' பெட்டியிலிருந்தும் உலாவி திறக்கவில்லை என்றால், இயல்புநிலை உலாவி, அதாவது சுட்டிகளைத் தானாகத் திறக்கும் பொறுப்பில் உள்ள உலாவி, பற்றிய பதிவு கெட்டிருக்கிறது. உலாவி திறந்து பக்கம் மட்டும் வரவில்லை என்றால், வலையமைப்பையோ கணினியின் கடிகாரத்தையோ பார்க்க வேண்டும். மேக் கணினியில் டெர்மினலில் 'ஓபன்' கட்டளையும், லினக்ஸில் 'எக்ஸ்.டி.ஜி.-ஓபன்' கட்டளையும் இதே சோதனையைச் செய்யும். இவ்வளவு சிறிய சோதனையைச் செய்யாமல் நேராக மென்பொருள்களை நீக்கத் தொடங்குகிறவர்களே அதிகம்.

நீக்குவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லிவிடுகிறேன். "உலாவியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பாருங்கள்" என்பது இந்தப் பழுதுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை. எனக்கு அது அறவே பிடிக்காது, ஏனென்றால் விண்டோஸில் இந்தப் பழுது பிறக்கும் முக்கியமான வழிகளுள் ஒன்றே உலாவியை நீக்குவதுதான். குரோமை இயல்புநிலை உலாவியாக வைத்திருந்த ஒருவர், ஏதோ காரணத்தால் அதை நீக்குகிறார் என்று கொள்வோம். நிரல் போய்விடும், ஆனால் எச்.டி.எம்.எல். என்ற இணையப் பக்கக் கோப்புகளைத் திறக்கும் பொறுப்பு குரோமுக்கு உரியது என்ற குறிப்பு விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடக்கூடும். அடுத்த நாள் அவர் அவுட்லுக்கில் ஒரு சுட்டியைச் சொடுக்கினால், கணினியில் நடைமுறையில் உள்ள கட்டுப்பாடுகளால் இச்செயல் ரத்து செய்யப்பட்டது, கணினி நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். வீட்டுக் கணினிக்கு நிர்வாகியும் அவரே என்பதால் யாரைத் தொடர்புகொள்வது என்று தெரியாமல் விழிப்பார். எந்தக் கட்டுப்பாட்டையும் எவரும் விதித்திருக்கவில்லை என்பதுதான் உண்மை. பொறுப்பாளர் இல்லாத பதவியைத் தேடிப் போய்த் திரும்பிய அவுட்லுக், அந்தத் தோல்விக்குப் பொருத்தமில்லாத ஒரு செய்தியைக் காட்டுகிறது, அவ்வளவே. மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கங்களிலேயே இடம்பெறும் அளவுக்கு இது பழைய கோளாறு.

இதைச் சரிசெய்ய ரெஜிஸ்ட்ரிக்குள் நுழைந்து மதிப்புகளை மாற்றும் வழிமுறைகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை முதல் வழியாக நான் பரிந்துரைப்பதில்லை. அமைப்புகளில் 'டீஃபால்ட் ஆப்ஸ்' பகுதிக்குப் போய், கணினியில் எப்போதும் இருக்கும் எட்ஜை ஒருமுறை இயல்புநிலை உலாவியாக்கி, சுட்டி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு விரும்பும் உலாவிக்கு மாற்றிக்கொண்டாலே பெரும்பாலும் பழைய குறிப்பின் மீது புதிய குறிப்பு எழுதப்பட்டுவிடும். குரோமை நீக்கியதால் வந்த கோளாறு இதற்கும் அசையவில்லை என்றால், குரோமை மீண்டும் நிறுவி, இயல்புநிலைப் பொறுப்பை வேறோர் உலாவிக்கு முறையாக மாற்றிக் கொடுத்த பின்னர் அதை நீக்க வேண்டும். மேலே நான் குறை சொன்ன அறிவுரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த இடைப்பட்ட படியில்தான் இருக்கிறது.

விண்டோஸ் 11 வெளிவந்த 2021 அக்டோபரில், எச்.டி.டி.பி., எச்.டி.டி.பி.எஸ்., எச்.டி.எம்.எல். என்று ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக உலாவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சிலர் ஒன்றிரண்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை மறந்ததால், சில சுட்டிகள் ஓர் உலாவியிலும் சில வேறோர் உலாவியிலும் திறந்தன. 2022 மார்ச்சில் வந்த புதுப்பிப்பு, ஒரே பொத்தானில் இவற்றை மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பாதியில் விட்டவர்கள் இன்றும் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மேலும், விண்டோஸ் 8 முதல் பயனரின் உலாவித் தேர்வு ஒரு சரிபார்ப்புக் குறியீட்டோடு சேர்த்துச் சேமிக்கப்படுகிறது. அமைப்புகள் வழியாக அல்லாமல் வேறு நிரல் எதுவும் அந்தத் தேர்வை மாற்றினால் குறியீடு பொருந்தாமல் போய், விண்டோஸ் அந்த மாற்றத்தை ஏற்காது. பழைய வழிகாட்டிகள் சொல்லும் ரெஜிஸ்ட்ரித் திருத்தங்கள் பல இப்போது பலிக்காததற்கு இதுவே காரணம்.

எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் அவுட்லுக் சுட்டிகள் மட்டும் எட்ஜில் திறக்கின்றன என்று சொல்பவர்களும் உண்டு. இது பழுதன்று; முடிவெடுத்துச் செய்யப்பட்ட மாற்றம். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவோடு வரும் அவுட்லுக், 2023 முதல், கணினியின் இயல்புநிலை உலாவி எதுவாக இருந்தாலும் சுட்டிகளை எட்ஜில் திறக்கும்படி மாற்றப்பட்டது. மின்னஞ்சலும் பக்கமும் அருகருகே தெரியும் என்பது சொல்லப்பட்ட காரணம். அவுட்லுக்கின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு' பிரிவுக்குள் சுட்டிகளை எதில் திறப்பது என்ற தேர்வு இருக்கிறது. அதை 'டீஃபால்ட் பிரவுசர்' என்று மாற்றினால் போதும். பயனர் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்ட விருப்பத்தை இன்னோர் இடத்தில் மீண்டும் சொல்ல வைப்பது நாகரிகமான செயலாக எனக்குத் தோன்றவில்லை.

தண்டர்பேர்டில் இதற்கு நேரெதிரான சிக்கல் வரும். அது இயங்குதளத்தை மட்டும் நம்பாமல், எந்த வகை முகவரியை எதனால் திறப்பது என்ற தனிப் பட்டியல் ஒன்றையும் வைத்துக்கொள்கிறது. என்றோ ஒருநாள் வந்த கேள்விப் பெட்டியில் தவறான நிரலைத் தேர்ந்தெடுத்து, 'இனி எப்போதும் இப்படியே செய்' என்பதிலும் குறியிட்டுவிட்டால், அதன் பிறகு இயங்குதளத்தில் என்ன மாற்றினாலும் தண்டர்பேர்ட் கண்டுகொள்ளாது. அமைப்புகளின் பொதுப் பகுதியில் கோப்புகளும் இணைப்புகளும் ('ஃபைல்ஸ் & அட்டாச்மென்ட்ஸ்') பற்றிய பிரிவில் அந்தப் பட்டியல் இருக்கும், எச்.டி.டி.பி.எஸ். என்ற வரியை 'எப்போதும் கேள்' என்று மாற்றிவிட்டு, அடுத்த சொடுக்கில் சரியான உலாவியைக் காட்ட வேண்டும். லினக்ஸில் உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் 'ஸ்னாப்' பொதியாக வருகிறது. இதனால் நிரலைக் குறிக்கும் கோப்பின் பெயரே மாறிவிட்டது. பல ஆண்டுகளாக ஒரே பயனர் கோப்புறையைச் சுமந்து வருபவர்களின் பட்டியலில் பழைய பெயர் தங்கியிருந்தால், சொடுக்குக்கு எந்தப் பதிலும் வராது.

இதுவரை சொன்னவை மென்பொருளின் குற்றங்கள். சுட்டியே ஊனமாக வந்து சேரும் நிகழ்வுகளும் உண்டு. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இவை மற்றவர்களைவிட அதிகமாக நேர்கின்றன என்பதால் இங்கே சற்று நின்று பார்க்கலாம்.

மின்னஞ்சலின் அமைப்பை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 5322 என்ற ஆவணம், ஒரு வரியில் 78 குறிகளுக்கு மேல் இல்லாமலிருப்பது நல்லது என்றும், 998 குறிகளைத் தாண்டவே கூடாது என்றும் சொல்கிறது. இதனால் எளிய உரையாக அனுப்பப்படும் அஞ்சல்களில் நீண்ட முகவரிகளைச் சில மென்பொருள்கள் பாதியில் ஒடித்து அடுத்த வரிக்குத் தள்ளிவிடுகின்றன. பெறுபவரின் திரையில் முதல் வரி மட்டும் நீல நிறத்தில் சுட்டியாகத் தெரியும், மிச்சம் வெறும் எழுத்தாகக் கிடக்கும். ஆங்கில முகவரிகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழ் எழுத்து அடங்கிய முகவரியோ, யுனிகோடின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகளாகவும், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று குறிகளாகவும் எழுதப்படுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் திருவள்ளுவர் பக்கத்தின் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஏழே எழுத்துகள். கணினிக்கு மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியுமாகப் பிரிந்து 12 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வீதம் 108 குறிகள், அதற்கு முன்னால் தளத்தின் பெயரும் பிறவும் சேர்ந்து 30. ஆக 138 குறிகள். நூறு சொற்கள்கூட இல்லாத ஓர் அஞ்சலில் இந்த ஒரு முகவரி இரண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டு ஒடிவதில் வியப்பில்லை.

சதவீதக் குறிகள் வேண்டாம் என்று முகவரியைத் தமிழ் எழுத்திலேயே அனுப்பினால் வேறொரு வம்பு வரும். அஞ்சலில் எது முகவரி என்று மென்பொருள் ஊகித்துத்தான் அதைச் சுட்டியாக்குகிறது. அந்த ஊகத்தை எழுதியவர் ரோமன் எழுத்துகளை மட்டும் நினைத்திருந்தால், முதல் தமிழ் எழுத்து வந்தவுடன் சுட்டி முடிந்துவிடும். சற்று முயன்று எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும்படி எழுதியவர்களும், யுனிகோட் வகைப்பாட்டில் 'எழுத்து' என்ற வகைக்குள் நம் புள்ளியும் உயிர்க்குறிகளும் வராது என்பதை மறந்துவிடுகிறார்கள். அத்தகைய மென்பொருளில் திருவள்ளுவர் சுட்டி முதல் தகரத்தோடு நின்றுவிடும். சொடுக்கினால் 'த' என்ற எழுத்துக்கான பக்கத்துக்குப் போவீர்கள்.

இதைவிடவும் நம் இலக்கணத்தால் வரும் சிக்கல் சுவையானது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டித்தான் வரும். "விண்ணப்பத்தை இன்ன தளத்தில் நிரப்பவும்" என்று எழுதும்போது, பலர் முகவரியை எழுதி அதன் வாலிலேயே 'இல்' என்றோ 'க்கு' என்றோ இடைவெளி விடாமல் சேர்த்துவிடுகிறார்கள். தமிழை ஏற்கும் நல்ல மென்பொருளாக இருந்தால் அந்த உருபையும் முகவரியின் பகுதியாகக் கொண்டு சுட்டியாக்கும். சொடுக்கினால் அப்படியொரு தளமே இல்லை என்று உலாவி சொல்லும். "என்ற முகவரியில்" என்று எழுதி, உருபை முகவரியிலிருந்து விலக்கி வைத்தால் தொல்லை இல்லை. வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும் இப்படியே உறவு கொண்டாடும். விக்கிப்பீடியாவில் ஒரே பெயரில் பல பக்கங்கள் இருந்தால், தலைப்பின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் 'திரைப்படம்' என்றோ 'நூல்' என்றோ இருக்கும். அந்தக் கடைசி அடைப்புக்குறியைப் பல மின்னஞ்சல் மென்பொருள்கள் வாக்கியத்துக்கு உரியதென்று எண்ணி வெட்டிவிடுகின்றன. பக்கம் இல்லை என்ற செய்தி வந்தால் முகவரியின் வாலைப் பாருங்கள்.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் தமிழ்த் தளப்பெயர்களுக்கும் இதே கதிதான். பழைய மென்பொருள்கள் அவற்றை முகவரி என்றே உணர்வதில்லை. அந்தத் தளப்பெயரின் ரோமன் எழுத்து வடிவத்தை, அதாவது எக்ஸ், என் என்ற எழுத்துகளோடும் இரண்டு இடைக்கோடுகளோடும் தொடங்கும் வடிவத்தை, அனுப்பினால் எந்த மென்பொருளிலும் வேலை செய்யும். பார்க்கத்தான் அழகாக இருக்காது.

மூன்றாவதாக, சுட்டியை வேண்டுமென்றே யாரோ தடுத்து வைத்திருக்கலாம். அவுட்லுக்கில் குப்பை அஞ்சல் கோப்புறையில் இருக்கும் அஞ்சலின் சுட்டிகள் செயலற்றே இருக்கும். அஞ்சலை 'இன்பாக்ஸ்' பகுதிக்கு நகர்த்தினால்தான் உயிர்பெறும். நகர்த்துவதற்கு முன், அது ஏன் குப்பையில் விழுந்தது என்று யோசிப்பது நல்லது. அலுவலகக் கணக்குகளில் பாதுகாப்புச் சேவை ஒவ்வொரு சுட்டியையும் தன் முகவரிக்குள் பொதிந்து மாற்றி எழுதிவிடும். சொடுக்கும் நேரத்தில் தளத்தைச் சோதித்துவிட்டு அனுப்பும் ஏற்பாடு இது. அந்தச் சேவை தடுத்துவிட்டால் உங்கள் கணினியில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. அலுவலகக் கணினிப் பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தச் சோதனைக் கருவிகளால் வரும் பக்கவிளைவு ஒன்று பலரை அலைக்கழிக்கிறது. கடவுச்சொல்லை மாற்றக் கோரினால் ஒரே முறை பயன்படுத்தக்கூடிய சுட்டி வரும். அதை நீங்கள் பார்ப்பதற்குள், அஞ்சலைச் சோதிக்கும் நிரல் அந்தச் சுட்டியைத் தானே திறந்து பார்த்துவிடும். தளத்தைப் பொறுத்தவரை சுட்டி பயன்படுத்தப்பட்டாயிற்று. நீங்கள் சொடுக்கும்போது காலாவதியானதாகச் சொல்லும். மறுபடியும் கோரினாலும் அதே கதை. குற்றம் தளத்தை எழுதியவர்களுடையது. முகவரியைத் திறந்து பார்ப்பது மட்டுமே எதையும் மாற்றிவிடக்கூடாது என்பது இணையத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பக்கத்தில் ஒரு பொத்தானை வைத்து, அதை அழுத்திய பிறகே சுட்டியைப் பயன்படுத்தியதாகக் கொள்ள வேண்டும். செய்திமடல்களிலிருந்து விலகும் சுட்டிகளிலும் இப்படி நிரல்களே திறந்து, சந்தாதாரரை அவர் அறியாமல் விலக்கிவிட்டதால்தான், 2017-இல் ஆர்.எஃப்.சி. 8058 என்ற தனி நெறிமுறையே எழுத வேண்டியதாயிற்று. பயனர் செய்யக்கூடியது குறைவு: வேறொரு மின்னஞ்சல் முகவரியையோ, சுட்டிக்குப் பதிலாக எண் குறியீட்டை அனுப்பும் வழியையோ தேர்ந்தெடுக்கலாம். பொறுமையிழந்து மூன்று நான்கு முறை கோரியவர்கள் கடைசியாக வந்த அஞ்சலை மட்டுமே திறக்க வேண்டும். பல தளங்களில் புதிய சுட்டி வந்தவுடன் பழையது செத்துவிடும்.

விளம்பரத் தடுப்பான்களையும் இங்கேயே சேர்க்கலாம். செய்திமடல்களில் உள்ள சுட்டிகள் நேராகக் கட்டுரைக்குப் போவதில்லை. யார் எதைச் சொடுக்கினார்கள் என்று எண்ணும் இடைநிலை முகவரி ஒன்றுக்குப் போய், அங்கிருந்து திருப்பிவிடப்படுகின்றன. யூபிளாக் ஆரிஜின் போன்ற நீட்டிப்புகளும், வீட்டு வலையமைப்பு முழுவதற்கும் காவலாக வைக்கப்படும் பை-ஹோலும் இத்தகைய முகவரிகளைத் தடுக்கின்றன. நீட்டிப்பாக இருந்தால் தடுத்ததைத் தெரிவித்து, தொடர விருப்பமா என்று கேட்கும். பை-ஹோலோ மௌனமாகத் தடுத்துவிடும். தளத்தை அடைய முடியவில்லை என்று மட்டும் உலாவி சொல்லும். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே சுட்டி திறந்தால் சந்தேகம் தீர்ந்தது.

உலாவி திறந்து பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளின் தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர். 2032 என்ற சிறு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் ஓடிவிடும். எல்லாத் தளங்களின் சான்றிதழ்களும் செல்லாதவையாகத் தோன்றும். பேட்டரியை மாற்ற அதிகச் செலவாகாது. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வருமானால், இயங்குதளம் பழையதாக இருக்கலாம். 2021 செப்டம்பர் 30 அன்று மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக நின்ற ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, நெடுநாள் புதுப்பிக்கப்படாத பல கணினிகளில், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் சான்றிதழ் பெற்ற தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின.

கைப்பேசிகளில் பழுதின் முகம் வேறு. ஐபோனில் 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல்தான் இயல்புநிலை உலாவியை மாற்ற முடிந்தது. அதன் முதல் பதிப்பில், கைப்பேசியை அணைத்து இயக்கினால் தேர்வு சஃபாரிக்கே திரும்பிவிடும் பிழை இருந்தது; 14.0.1-இல் சரிசெய்தார்கள். ஐபோனில் தேர்ந்தெடுத்த உலாவியை நீக்கினால் பொறுப்பு தானாகவே சஃபாரிக்குத் திரும்புகிறது. விண்டோஸ் இதையாவது கற்றுக்கொண்டிருக்கலாம். ஆண்ட்ராய்டில் ஜிமெயில் செயலி, சுட்டிகளைத் தன் சாளரத்துக்குள்ளேயே திறக்கும் தேர்வை வைத்திருக்கிறது. பொது அமைப்புகளில் அதை நீக்கிவிட்டால் சுட்டிகள் உலாவியில் திறக்கும். பல செயலிகள் தமக்குள்ளேயே பக்கத்தைக் காட்ட 'வெப்வியூ' என்ற பொதுப் பகுதியை நம்பியிருக்கின்றன. 2021 மார்ச்சில் அதன் புதுப்பிப்பு ஒன்று பழுதாக வந்தபோது, ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. செயலிகளை நீக்கி நிறுவியவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. வெப்வியூவின் புதுப்பிப்பை மட்டும் திரும்பப் பெற்றவர்களுக்குச் சரியானது. செயலிக்குள் திறக்கும் பக்கங்களில் இன்னொரு சிக்கல், சில செயலிகளின் உட்சாளரத்துக்கு உலாவியில் நீங்கள் உள்நுழைந்திருப்பது தெரியாது. சுட்டி திறந்தும் மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்தை உலாவிக்கு மாற்றிப் பாருங்கள்.

எந்தச் சாதனமாயினும், சுட்டி திறக்காதபோது அவசரத்துக்கு எல்லோரும் கையாளும் வழி, முகவரியை நகலெடுத்து உலாவியில் ஒட்டுவது. நல்ல வழிதான், ஆனால் நேராக உலாவியில் ஒட்டாமல், முதலில் நோட்பேடில் ஒட்டிப் படியுங்கள். அஞ்சலில் தெரியும் எழுத்தும் உள்ளே இருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வங்கியின் பெயர் திரையில் தெரிய, உள்ளே வேறு தளம் இருக்கலாம். அதைக் கண்டுதான் மென்பொருள் திறக்க மறுத்திருக்கவும் கூடும். முகவரியில் தளப்பெயருக்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் கடைசியாக நிற்கும் பெயரே உண்மையான உரிமையாளரைக் காட்டும். அதற்கு முன்னால் எத்தனை வங்கிகளின் பெயர்கள் நின்றாலும் பொருளில்லை. வங்கி, வருமான வரி போன்றவற்றுக்கு அஞ்சலின் சுட்டியை விட்டுவிட்டு, தள முகவரியை நாமே தட்டச்சு செய்து போவதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன். இதனால் மேற்சொன்ன கோளாறுகளில் பாதி என்னை அண்டுவதில்லை.

அஞ்சல் அனுப்புகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நீண்ட முகவரியைப் பத்தியின் நடுவே செருகாமல் தனி வரியில் எழுதி, அதன் பின்னால் புள்ளியோ உருபோ வைக்காமல் விடுங்கள். எளிய உரையில் அனுப்புவதாக இருந்தால், இணைய முகவரிகளுக்கான ஆர்.எஃப்.சி. 3986 சொல்வதுபோல, முகவரியைக் கோண அடைப்புக்குறிகளுக்குள் வையுங்கள். வரி ஒடிந்தாலும் முகவரி எங்கே முடிகிறது என்பதைப் பல மென்பொருள்கள் அந்தக் குறியைக் கொண்டு கண்டுகொள்ளும்.